சீரியல் விளக்கும் பதினோரு பிணைப்பும்

எழுதிப் பழக்கமில்லாத கை இது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். மறதியும் சேர்ந்துகொண்டது; நேற்று என்ன குழம்பு வைத்தேன் என்று யாராவது கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. போன மாதம் எங்கள் தெருவில் ஒரு ரிசப்ஷன் நடந்தது. மூன்று மாடி உயரத்திலிருந்து மழை கொட்டுகிற மாதிரி விளக்குச் சரங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டு பேர் வந்தார்கள், அரை மணி நேரத்தில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அதை நின்று பார்த்ததிலிருந்து இந்தச் சங்கதி மனதைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறது. எழுதிவிட்டால் இறங்கும் என்று எழுதுகிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பு முழுப் பரீட்சை எழுதிவிட்டு லீவில் இருந்தேன். அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தைக்கு, வைகாசியில் கல்யாணம் வைத்திருந்தார்கள்.

எங்கள் வீட்டில் ஒரே தறி. பட்டுப்புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் நெய்வதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நெய்ய, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கு உண்டான நாடாவை, அதாவது குறுக்கு நூல் வைத்து ஓட்டுகிற கட்டையை, வாங்கி வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குக் கோர்வை போடுவது என்று பெயர். அப்பா நெய்வார், அத்தை கோர்வை போடுவாள். பத்து வயதில் தறிப் பலகையில் உட்கார்ந்தவள், கல்யாணத்துக்கு நாலு நாள் முன்புவரை எழுந்திருக்கவில்லை.

தறியில் பாவு, அதாவது நீளவாட்டில் ஓடுகிற இழையெல்லாம், தீர்ந்துபோனால் பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் ஓர் இழையைப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இருக்கும். முடிச்சுப் போடக் கூடாது. விரலில் விபூதியைத் தொட்டுக்கொண்டு, இரண்டு நுனியையும் சேர்த்து ஒரு சுற்று, ஒரு மடக்கு, அவ்வளவுதான். எங்கே சேர்ந்தது என்று கண்ணுக்குத் தெரியக் கூடாது. பிசிறு ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் நறுக்கிவிட வேண்டும். இதில் அத்தையை மிஞ்ச எங்கள் தெருவில் ஆள் கிடையாது.

எனக்கும் அதைத் தொட்டுப் பார்க்க ஆசை. பக்கத்தில் போனாலே கையைத் தட்டிவிடுவாள்.

“போடி அந்தப் பக்கம். விரலா இது? விறகுக் கட்டை. இழைய அறுத்துடுவ.”

அப்பா எப்போதாவது, “அவளும் கத்துக்கட்டுமே” என்றால், “இவளா? இவளுக்குக் கை வராதுண்ணா. கணக்கு வேணா நல்லா போடறா, அதப் போடட்டும்” என்று முடித்துவிடுவாள். பக்கத்து வீட்டில் என்னைவிடச் சின்னப் பெண்ணெல்லாம் பாவு பிணைக்கும்போது எனக்கு மட்டும் விறகுக் கட்டை என்று பட்டம். அத்தைமேல் ஆத்திரம் ஆத்திரமாக வரும். வாய் திறந்து சண்டை போடுகிற சுபாவம் எனக்கு அன்றைக்கும் இல்லை. தறிக்குழியில் விழும் கழிவுப் பட்டைப் பொறுக்கிக்கொண்டு போய், கிணற்றுக்குப் பின்னால் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து, நானே சுற்றிச் சுற்றிப் பழகினேன். ஒரு வருஷம் அப்படிப் பழகினேன். என்றைக்காவது ஒருநாள் அத்தை வாயாலேயே நல்லாயிருக்குது என்று சொல்ல வைக்க வேண்டும். அதுதான் என் சபதம்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு ஊர் ஓரிக்கை. அவர்களுக்கும் தறி உண்டு என்றாலும் மாப்பிள்ளை மட்டும் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போய்விட்டார். அதனால் மறுநாள் காலை கோவிலில் முகூர்த்தம், முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன் என்று கேட்டார்கள். எங்கள் தெருவில் அந்தச் சொல்லே புதிது. நிச்சயதார்த்தத்துக்கு வந்த மாப்பிள்ளையின் அக்கா காபியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

“ரிசப்ஷன்னா லைட்டு போடணுமேம்மா. உங்க தெருவுல பொழுது போச்சுன்னா ஆளு முகமே தெரியாது. மாப்பிள்ளைய எப்படி அடையாளம் கண்டுபுடிப்பீங்க?”

எல்லாரும் சிரித்தார்கள். காபித் தட்டோடு நின்றிருந்த அத்தை சிரிக்கவில்லை. அவர்கள் கிளம்பிப் போனதும் அப்பாவிடம் வந்து நின்றாள்.

“அண்ணா, தெருக் கோடியிலேர்ந்து பந்தல் வரைக்கும் சீரியல் லைட்டு எரியணும். எரியலன்னா நான் வெளிய வந்து உக்கார மாட்டேன்.”

“இன்னாம்மா இது பிடிவாதம்?”

“பிடிவாதந்தான். இன்னொன்னும் கேட்டிருக்கேன், ஞாபகம் இருக்குதில்ல?”

“அதான் சரின்னுட்டேனே. நீ போனப்புறம் கோர்வைக்கு வெளி ஆளு வெச்சிக்கிறேன். போதுமா?”

நான் அங்கேயே பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தேன். லைட்டு விஷயம் என் காதில் இனிப்பாக விழுந்தது. மற்றதை நான் காதில் வாங்கவில்லை. வெளி ஆள் வந்தால் எனக்கென்ன, வராவிட்டால் எனக்கென்ன?

ரிசப்ஷன் அன்று மத்தியானம் லைட்டு பாய் சைக்கிளில் கோணிப்பையைக் கட்டிக்கொண்டு வந்தார். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் அவர்தான் விளக்குப் போடுவார். அந்தக் காலத்து சீரியல் விளக்கு என்றால் நீளமாக ஒற்றை ஒயர், அதில் வரிசையாகச் சின்னச் சின்ன பல்புகள், மேலே சிவப்பும் பச்சையும் பூசியிருக்கும். ஒயருக்கு இப்போது போல பிளாஸ்டிக் கிடையாது. ரப்பருக்கு மேலே, சட்டை போட்ட மாதிரி, நூலால் பின்னிய உறை. பாய் இரண்டு சரத்தை எடுத்துப் பந்தலில் கட்டினார். மூன்றாவதுதான் தெருவுக்கு உண்டானது. அதைப் பிரித்தவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“அரே, எலி பூந்துருக்குதும்மா!”

துண்டு துண்டாகக் கடித்துப் போட்டிருந்தது. பன்னிரண்டு துண்டு. “வேற எங்கனா கெடைக்குதான்னு பாத்துக்கினு வந்துடறேன், ஒரே மணி நேரம்” என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டும் ஆகப்போயிற்று. ஆளைக் காணோம். அப்பா சமையல்காரர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

அத்தை தறி அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். இரண்டு கையிலும் மருதாணி சிவந்திருந்தது. அந்த ஒயர்க் குவியலைப் பார்த்தாள். பிறகு நேராக வந்து அதை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

“கல்யாணப் பொண்ணு ஒயர வெச்சிக்கினு உக்காந்தா நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?” என்று அம்மா பின்னாலேயே ஓடினாள்.

“லைட்டு எரியலன்னா சொல்றத விடக் கம்மியாத்தான் சொல்லுவாங்க, அண்ணி. பன்னண்டு துண்டுன்னா பதினோரு பிணைப்பு. நாலாயிரம் இழைய பிணைச்சவளுக்கு இது ஒரு வேலையா?”

விபூதித் தட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ள இன்னொரு ஆள் வேண்டும். சுற்றிலும் பார்த்தாள்; என்னைத் தவிர யாரும் சும்மா இல்லை.

“இந்தாடி, கட்டை விரலு. முனைய மட்டும் பிடிச்சிக்க. வேற ஒன்னும் பண்ணக் கூடாது.”

நான் பிடித்துக்கொண்டேன். எலி கடித்த இடத்தில் செம்புக் கம்பி முடி முடியாக நீட்டிக்கொண்டிருந்தது. அத்தை முதல் காரியமாக அதையெல்லாம் பிளேடால் நறுக்கித் தள்ளினாள். பிசிறு இருந்தால் அவளுக்குப் பொறுக்காது. நறுக்கிவிட்டு, மேல் நூலில் விபூதியைத் தடவி, இரண்டு நுனியையும் சேர்த்துப் பட்டு இழையைச் சுற்றுகிற மாதிரியே அழுத்திச் சுற்றி, நூல் கொண்டு இறுக்கினாள். எவ்வளவு அழகு என்கிறீர்கள்! தடவிப் பார்த்தால்தான் பிணைப்பு இருப்பதே தெரியும்.

நாலு முடிந்தபோது பெண்கள் கூட்டமாக வந்துவிட்டார்கள். தலை பின்ன வேண்டும், பூ வைக்க வேண்டும், நேரமாச்சு என்று அத்தையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். “நீ தொடாத! நான் யாரையாவது பெரியவங்கள அனுப்பறேன்” என்று திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டே போனாள்.

யாரும் வரவில்லை. என் எதிரில் ஏழு பிணைப்பு காத்துக்கொண்டிருந்தது. கிணற்றடியில் ஒரு வருஷம் பழகியது இதற்காகத்தான் என்று தோன்றியது. பிளேடை எடுத்தேன். பிசிறை ஒன்றுவிடாமல் நறுக்கினேன். ஏழையும் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

பாதி அலங்காரத்தில் அத்தை ஓடி வந்தாள். சரத்தைக் கையில் எடுத்து ஒவ்வொரு பிணைப்பாகக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனாள். நாலைத் தாண்டி ஐந்தாவது வந்தது. விரல் நிற்கவில்லை. ஆறு, ஏழு. கடைசிவரை போய்விட்டுக் கேட்டாள்.

“யாரு பண்ணது?”

“நான்தான் அத்தை.”

நல்லாயிருக்குது என்று சொல்லுவாள் என்று வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் முகம் வெளுத்துப்போயிற்று. குனிந்து என் காதருகே, “யார்கிட்டயும் சொல்லிக்காத. அப்பாகிட்ட சொல்லவே சொல்லாத” என்றாள். பொறாமை என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

லைட்டு பாய் வெறுங்கையோடு திரும்பி வந்தார். எங்கும் சரம் கிடைக்கவில்லை. முழுசாகக் கிடந்த சரத்தைப் பார்த்ததும் அவருக்கு நம்பவே முடியவில்லை. “சூப்பர்ம்மா!” என்று சொல்லி பிளக்கைச் செருகினார். ஒரு பல்புகூட எரியவில்லை. பல்பையெல்லாம் திருகிப் பார்த்தார். பிறகு ஒரு பிணைப்பைப் பிரித்துப் பார்த்தவர் அப்படியே கீழே உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

“சட்டைக்கு சட்டை முடிச்சுப் போட்டா கரண்டு எப்படி பாப்பா போவும்? உள்ள இருந்த செம்பு எங்க?”

“அது பிசிறுன்னு வெட்டிட்டோம்.”

“எது பிசிறுன்னு வெட்டுனீங்களோ, அதுலதாம்மா கரண்டு வரும்!”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை ஊர்வலம் வர ஒரு மணி நேரம்கூட இல்லை. உள்ளே இருந்து அத்தையின் குரல் கேட்டது: “எரிஞ்சுதா? எரிஞ்சுதா?” நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“பாய், நீங்க சட்டைய உரிச்சுக் குடுங்க. செம்ப நான் சுத்தறேன்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வேறு வழியில்லாததால் சரி என்றார். செருகியிருந்ததைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, பிளேடால் ரப்பரைச் சீவிச் சீவிக் கொடுத்தார். உள்ளே செம்பு சரிகை மாதிரி மினுமினுத்தது. சரிகை எனக்குப் பழக்கம்தான். ஒரு சுற்று, ஒரு மடக்கு. பாய் மேலே கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டே வந்தார். பதினொன்றும் முடிவதற்குள் என் விரல் நுனியெல்லாம் ரத்தம் கட்டிவிட்டது. தெருவில் பாவு நீட்டும்போது தாங்கி நிற்க வைக்கிற மூங்கில் கால்களைப் பெரியவர்கள் எடுத்து வந்து, ஒன்றோடொன்று உயரமாகக் கட்டி, இரண்டு வீட்டுக்கு ஒன்றாக நிறுத்தினார்கள். பாவு ஓடுகிற தெருவில் அன்றைக்குச் சரம் ஓடியது.

கோடியில் நாயனம் கேட்டது. பாய் செருகினார்.

தெரு முழுவதும் சிவப்பும் பச்சையுமாகப் பற்றிக்கொண்டது. எல்லாரும் ஹோ என்று கத்தினார்கள். மாப்பிள்ளையின் அக்கா அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்ததில் யார் காலையோ மிதித்துவிட்டாள். அப்பா கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் போனார்.

“வாங்கம்மா, வாங்க. மாப்பிள்ளைய அடையாளம் தெரிஞ்சிடுச்சு.”

அந்தம்மாவும் சிரித்துவிட்டாள். அத்தை வெளியே வந்து, சரிகை மின்ன, தலை நிமிர்ந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கதை இதோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

வெற்றிலைத் தட்டு வாங்க வந்த லைட்டு பாய் அப்பாவிடம், “உங்க பொண்ணாங்க இது? பதினோரு எடம் சுத்தியிருக்குது. இருவது வருஷமா இந்தத் தொழில் பண்றேன், எனக்கே இப்படி வராது” என்றார்.

“எவ, இவளா?” அப்பாவுக்கு நம்பிக்கை இல்லை. “இவளுக்குக் கை வராதே.”

நாற்காலியில் இருந்து அத்தை சத்தமாகப் பேசினாள். கல்யாணப் பெண் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. “அது நான் சுத்துனதுண்ணா. அவ முனைய பிடிச்சிக்கினு நின்னா. அவ்ளோதான்.”

“நீ உள்ள இல்ல இருந்தே தங்கச்சி?” என்றார் பாய்.

“நான்தான். அவளுக்கு விரல் கட்டை.”

அத்தனை பேர் நடுவில் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் சொன்னாள். எனக்குள் என்னவோ அறுந்துபோயிற்று. நாலு பேர் எதிரில் நிற்கவே கூசுகிறவள், வீட்டுக்குள் ஓடிப்போய் இரண்டு பட்டு இழையையும் விபூதியையும் எடுத்துக்கொண்டு வந்து, விளக்கு வெளிச்சத்தில் அப்பாவுக்கு நேர் எதிரே நின்றேன். வீங்கிய விரலால் சுற்றினேன், மடக்கினேன். அவர் கையில் கொடுத்தேன்.

அப்பா இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார். நின்றது. இன்னும் பலமாக இழுத்தார். நின்றது. கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து எங்கே பிணைப்பு என்று தேடினார். பிறகு அதை எல்லாருக்கும் காட்டினார்.

“பாருங்கப்பா! நான் ஊரெல்லாம் ஆளு தேடறேன், ஆளு வூட்லயே இருக்குது!”

கை தட்டினார்கள். மாப்பிள்ளைகூடத் தட்டினார். நான் வெற்றியோடு அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தை மடிக்குள் புதைத்துக்கொண்டு அழுதாள். போட்டோக்காரர் அந்தச் சமயம் பார்த்து விளக்கை மின்னவிட்டார். பிறந்த வீட்டைவிட்டுப் போகிற அழுகை என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். நான், தோற்றுப்போன அழுகை என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடம் திறந்தது. என்னோடு படித்தவர்கள் ஆறாம் வகுப்புக்குப் பெரிய பள்ளிக்கூடம் போனார்கள். நான் அத்தையின் பலகையில் உட்கார்ந்தேன். எனக்கு அதில் கொஞ்சமும் வருத்தம் இல்லை. தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து உட்காருவேன்.

ஆடிக்கு அத்தையை அழைத்து வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நாடா சத்தம் கேட்டிருக்கும். தறி அறை நிலைப்படியில் வந்து நின்று என்னைப் பார்த்தாள். அப்பா தலையைத் தூக்கவில்லை. “நீ எனக்கு வாக்கு குடுத்தியேண்ணா” என்று மட்டும் சொன்னாள். அப்பா, “கை நல்லா ஓடுதும்மா அவளுக்கு. இன்னா பண்ணச் சொல்ற?” என்றார். அத்தை தன் பையிலிருந்து ஒரு ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்து என் பக்கத்தில் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். புதுசு. உள்ளே காம்பஸ், ஸ்கேல் எல்லாம் இருந்தது. அவற்றை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, அதில் சரிகைத் துண்டும் ஊசியும் வைத்துக்கொண்டேன். தோற்றவள் சமாதானத்துக்குக் கொடுத்தது என்று நினைத்துத்தான் வாங்கிக்கொண்டேன். நன்றிகூடச் சொன்னதாக நினைவில்லை.

பல வருஷம் கழித்து, நான் தறியில் உட்கார்ந்திருந்தபோது என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல், அறுந்த இழை ஒன்றை எடுத்து விளையாட்டாகச் சுற்றினாள். சுற்றின மாத்திரத்தில் நின்றது. கோர்வைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த என் மாமனார் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். “போடி அந்தப் பக்கம், விரலா இது, விறகுக் கட்டை” என்று என் வாய் சொல்லிற்று. சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று எனக்கே விளங்கிற்று. இப்போதுதான் புரிந்தது என்று அத்தையிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அப்போது அத்தை உயிரோடு இல்லை.

அந்த மகள்தான் இன்றைக்கு டீச்சராக இருக்கிறாள். இதைப் படித்து ஒற்றுப் பிழையெல்லாம் அவள்தான் திருத்தித் தர வேண்டும். கல்யாணம் வைகாசியா ஆனியா என்று ஓரிக்கையில் கேட்டுப் பார்க்கட்டும். பிணைப்பு பதினொன்று என்பது சரி. ஒரு சரத்தில் பல்பு எத்தனை என்பது எனக்கு நிச்சயமில்லை, தெரிந்தவர்கள் சொல்லலாம். விறகுக் கட்டை என்று நான் சொன்னதில் அவள் இன்னும் என்மேல் மனத்தாங்கலாகத்தான் இருக்கிறாள். அவள் விரலைப் பற்றி இங்கே நான் எழுதுவதை மட்டும் அவள் திருத்த வேண்டாம். என் விரலைவிட நல்ல விரல் அது.